கருநீரோடை மதகு

கில்டோரன், ஸ்காட்லாந்து மலைநாடு
12 அக்டோபர் 1985

அன்பும் மதிப்பும் மிக்க ஃபார்க்கர் சித்தப்பா அவர்களுக்கு,

கர்த்தர் அருளால் நான் நலமாயிருக்கிறேன். கடல்கள் பல கடந்து டனீடின் நகரில் தனித்து வாழும் தங்களுடைய முழங்கால் வலி தணிந்ததா? அங்கே இப்போது வசந்தமாக இருக்கும். இங்கே மலையுச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது.

நற்செய்தி ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். நம் ஊர் ரயில் நிலையம் மீண்டும் திறக்கப்படப்போகிறது. 1964இல் பாதை மூடப்பட்ட நாள்முதல் இருபத்தோராண்டு அதன் கூரையில் காகங்களே குடியிருந்தன. இப்போது ஊரார் முப்பது பேர் ஒரு கழகமாகக் கூடி, நான்கு மைல் தூரத்துக்குத் தண்டவாளம் பதித்து வருகிறோம். நான் அதன் செயலாளர். பள்ளியில் பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் என் கையில் மண்வெட்டிதான். முதல் வண்டி வரும் ஜூன் ஏழாம் தேதி, சனிக்கிழமை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தொண்ணூற்று நால்வரும் அதில் ஏறிச் செல்வார்கள்.

நிலையத்துப் பரணில் அப்பாவின் நடைப்புத்தகங்கள் கிடைத்தன. பாதையைப் பராமரிக்கும் கேங்கின் மேஸ்திரியாக நாள்தோறும் பாதையை நடந்து பார்த்து அவர் கையொப்பமிட்ட புத்தகங்கள் பதினான்கு. ஒன்றில்கூட எலியின் பல் படவில்லை. காத்திருப்பு அறைக்கு 'மர்டோ மக்ரே கூடம்' என்று பெயர் சூட்டக் கழகம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. பித்தளைப் பலகையும் தயார்.

அந்த கேங்கில் இன்று உயிரோடிருப்பவர் தாங்கள் ஒருவரே. நிலையத்தின் வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட எண்ணியிருக்கிறோம். நினைவிலுள்ளதை எழுதி உதவ வேண்டும். 1953 வெள்ளத்தில் பாதைக்கரையின் அடியிலிருந்த கருநீரோடை மதகு உடைந்ததையும், தாங்களும் அப்பாவும் இரண்டே நாளில் அதைச் சீர்செய்ததையும் விரிவாக எழுதுங்கள்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
அண்ணன் மகள் டொலினா


டனீடின், நியூசிலாந்து
2 நவம்பர் 1985

அன்பு மகள் டொலினாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். முழங்கால் வலி என்னோடு சேர்ந்தே முதுமையடைகிறது, குறைசொல்வதற்கில்லை. எழுபத்தாறு வயதில் நடமாட்டத்தைக் கர்த்தர் எனக்கு விட்டுவைத்திருப்பதே கிருபை.

நீ கேட்டபடி ஏழு பக்கம் தனியே எழுதி இணைத்திருக்கிறேன். 1897இல் முதல் வண்டி வந்தபோது குதிரைகள் மிரண்டு ஏரியில் இறங்கியது, போர்க்காலத்தில் நிலையப் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் ஒளித்தது, நிலைய அதிகாரியின் ரோஜாச் செடிகளுக்கு இயந்திரத்திலிருந்து வெந்நீர் விட்டுக் கொன்ற ஓட்டுநர், எல்லாம் அதில் உண்டு. என் தந்தையின் காலத்தில், வேலை செய்யலாகாத ஓய்வுநாளாகிய ஞாயிறன்று மீன் ஏற்றும் ரயில் வண்டி விடுவதற்கு அதிகாரிகள் வந்தார்கள். ஊரார் தண்டவாளத்தின் மேல் நின்று வேதாகமச் சங்கீதம் பாடினார்கள். வண்டி அப்படியே நின்றது. அன்றுமுதல் கில்டோரனில் ஞாயிற்றுக்கிழமை ஆணி ஒன்றுகூட அடிக்கப்பட்டதில்லை. அந்த ஊரில் பிறந்தவன் என்பதை இங்குள்ள சபையில் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

1953 பற்றி உன் தந்தையின் புத்தகத்தில் உள்ளதே போதுமானது.

குளிருக்குக் கம்பளி அணிந்துகொள். உன் நலம் நாடி நாள்தோறும் மன்றாடும்,
சித்தப்பா ஃபார்க்கர்


கில்டோரன்
24 நவம்பர் 1985

வணக்கத்துக்குரிய சித்தப்பா,

தாங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். ஏழு பக்கத்தையும் கழகத்தார்முன் வாசித்தேன். வெந்நீரில் வெந்த ரோஜாச் செடிகளுக்கு எல்லாரும் சிரித்தார்கள். 1953க்கு மட்டும் ஒரே வரிதான் தந்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சிறு மனத்தாங்கல்.

எங்கள் பொறியாளர் ஸ்ட்ருவன் கில்லிஸ், ஓய்வு பெற்றவர், கவனமானவர். கரை முழுவதும் துளைபோட்டுச் சோதிக்க வேண்டுமென்று முதலில் சொல்லியிருந்தார். கருநீரோடை இடத்துக்கு மட்டும் வேண்டாமென்று இப்போது முடிவுசெய்துவிட்டார். காரணம் அப்பாவின் புத்தகம். '18 அக்டோபர் 1953, ஞாயிறு. மதகு உடைப்பில் இரண்டு வேகன் கருங்கல் கொட்டி முற்றிலும் நிரப்பப்பட்டது. நீர் செல்லப் பக்கத்தில் புதுக் குழாய் இடப்பட்டது.' கீழே அப்பாவின் கையொப்பம்.

"இதுக்கு மேல என்ன வேணும் டீச்சர்? மேஸ்திரி கையெழுத்தே இருக்கு. நல்லா இருக்கிற கரையில நாம எதுக்குப் போய் ஓட்டை போடணும்?" என்றார் கில்லிஸ். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சிறு தொல்லை மட்டும் உண்டு. மழைக்குப் பிறகு அந்த இடத்தில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே கிண்ணம்போல் ஒரு பள்ளம் விழுந்தது. இரண்டு தள்ளுவண்டி ஜல்லி போட்டு மூடினோம். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் டார்க்வில் கேலி செய்தான்: "உங்க ரயிலுக்கு என்ன பசி டீச்சர்! இன்னும் ஓடவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ரெண்டு வண்டி கல்லைத் தின்னுடுச்சே!"

உடல்நலத்தைப் பேணிக்கொள்ளுங்கள்.
என்றும் தங்கள்,
டொலினா


டனீடின்
15 டிசம்பர் 1985

டொலினா,

நலம், நலமறிய ஆவல்.

வயோதிகனின் வெற்று ஆர்வம் என்று எண்ணிப் பதிலெழுது. அந்தப் பள்ளம் மறுபடியும் விழுந்ததா? கரையின் அடியில், குழாய்க்கு வெளியே எங்கேனும் நீர் ஊறுகிறதா? ஊறும் நீரில் சாம்பல் தெரிகிறதா? வேலிக் கம்பங்கள் நேராக நிற்கின்றனவா?

கில்லிஸிடம் சொல்லி அவ்விடத்திலும் துளைபோட்டுப் பார்க்கச் சொல். அவர் மறுத்தால், வண்டியை இரண்டாம் மைல் கல்லோடு நிறுத்திவிடுங்கள். ஏரியின் காட்சி அங்கிருந்தே அழகாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

புத்தாண்டு உனக்குச் சமாதானத்தோடு பிறப்பதாக.
சித்தப்பா


கில்டோரன்
19 ஜனவரி 1986

அன்புள்ள சித்தப்பா,

தங்கள் வாழ்த்துக்கு நன்றி. இவ்வாண்டு தங்களுக்கும் சுகபெலன் தருவதாக அமையட்டும். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், தேறிவிட்டேன்.

தங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே டார்க்விலோடு கரையின் அடிக்குப் போனேன். குழாய்க்கு ஆறடி தள்ளிப் புல்லுக்குள் நீர் ஊறுகிறது. ஓடை நீர் எப்போதும்போல் தேநீர் நிறம். இதுவோ கருஞ்சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலைக் கழுவி ஊற்றியதுபோல் புல்மேல் படிந்திருக்கிறது. ஆட்டுமந்தை அந்தப் புல்லைத் தொடுவதில்லை என்றான். வேலிக் கம்பங்களில் மூன்று, கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தலை சாய்ப்பதுபோல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. பள்ளம் மறுபடியும் விழுந்தது. இம்முறை ஐந்து வண்டி ஜல்லி.

கில்லிஸிடம் துளைபோடச் சொன்னேன். சிரித்தார். "நியூசிலாந்துல உட்கார்ந்துக்கிட்டே உங்க சித்தப்பா கரைக்கு நாடி பிடிச்சுப் பார்க்கிறாராக்கும்! ரயில் ஓடின இடத்துல சாம்பல் இல்லாம சந்தனமா இருக்கும்?" பிறகு சற்று வருத்தத்தோடு, "காரணம் ஒண்ணு சொல்லுங்க டீச்சர், நாளைக்கே போடுறேன். அப்பா எழுதிவச்சதை மகளே நம்பலைன்னா, நான் அந்தப் புத்தகத்துல வேற எதை நம்புறது?" என்றார்.

வீடு திரும்பித் தங்கள் கடிதத்தை மறுபடியும் பிரித்தேன். சித்தப்பா, சாம்பல் என்று எப்படிக் கேட்டீர்கள்?

அன்புடன்,
டொலினா


கில்டோரன்
13 ஏப்ரல் 1986

அன்புள்ள சித்தப்பா,

சுகமாயிருக்கிறீர்களா? ஜனவரியில் எழுதியதற்குப் பன்னிரண்டு வாரமாகப் பதில் இல்லை. தங்கள் சபைப் போதகருக்கு எழுதி விசாரித்தேன். சபை மூப்பரான ஃபார்க்கர் நலமாக இருக்கிறார், ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்கிறார் என்று பதில் வந்தது. நிம்மதியடைந்தேன். பிறகு அந்த நிம்மதியே என்னை உறுத்தியது.

தண்டவாளம் நான்காம் மைலை எட்டிவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் வண்டி படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இதுவரை பள்ளத்தில் போட்ட ஜல்லி பத்தொன்பது வண்டி. டார்க்வில் இப்போது கேலி செய்வதில்லை.

எதையாவது அறிந்திருந்தால் சொல்லுங்கள். ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

டொலினா


டனீடின்
6 மே 1986

என் அண்ணன் மகளே,

கதவைச் சாத்திக்கொண்டு இதை வாசி. பக்கத்து வீட்டில் தொலைபேசி இருக்கிறது. இருமுறை கையிலெடுத்து இருமுறையும் வைத்துவிட்டேன். கடிதமானால் உன் செவிக்கும் என் குரலுக்கும் நடுவே பத்து நாள் தூரம் இருக்கும். அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே அறிக்கையிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயணிகள் வண்டி ஓடாது. ஆகவே பெரிய வேலைகளையெல்லாம் ஞாயிறன்றே செய்யும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். நாங்களோ ஓய்வுநாளில் கருவி தொடாதவர்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வேலையைச் சனிக்கிழமை இரவாவதற்குள் முடித்து, ஞாயிறு தேதியிட்டு, உத்தரவில் கண்டபடியே புத்தகத்தில் எழுதிவிடுவோம். இது கில்டோரன் கேங்கின் வழக்கம். அதில் எங்களுக்குப் பெருமிதமும் உண்டு. எழுத்து என்னுடையது, கையொப்பம் உன் தந்தையுடையது.

மதகு உடைந்த அந்த வாரம், ஆட்டுச்சந்தைக்காகத் திங்கட்கிழமை வண்டி ஓடியே தீர வேண்டுமென்றார்கள். கருங்கல் ஏற்றிய இரண்டு வேகனும் ஞாயிறு காலையில்தான் வந்துசேரும். உன் தந்தை என்னிடம் வந்தார்.

"டேய் ஃபார்க்கர், நாளைக்கு ஒரு நாள் இறங்கி வேலை பார்த்துடுவோம்டா. ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்க மாட்டோமா?"

"ஆட்டுக்கு உயிர் இருக்கு. கல்லுக்கு ஏது?"

"மேல போற வண்டிக்குள்ள உயிர் இருக்கேடா!"

"நீ இறங்கினா, நான் சபையில எழுந்து நின்னு உன் பேரைச் சொல்லுவேன், அண்ணே."

அப்போது நான் புதிதாகச் சபையின் மூப்பராகியிருந்தேன்.  உன் தந்தை ஆட்களைத் திரட்டினார். நிலையத்தின் பின்புறம் குவிந்து கிடந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளையும், ரயில் இயந்திரங்கள் சாம்பல் தட்டும் குழியிலிருந்த சாம்பலையும் சனிக்கிழமை அந்திக்குள் உடைப்பில் கொட்டி, மேலே ஜல்லி பரப்பி மூடினோம். கருங்கல் நிரப்பியதாக எழுதினேன். திங்கட்கிழமை வண்டி போயிற்று. அது போனதையே தேவ சம்மதமென்று கொண்டேன். கட்டைகளை எடுத்துவிட்டுக் கல்லைப் போடுவோமென்று அவர் கெஞ்சினார். எழுதியது எழுதியதுதான் என்றேன். ஞாயிறன்று வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் வேகனோடு நின்ற அந்தக் கல்லை மேலிடம் மறந்தே போனது. அதைத்தான் நம் ஆலயத்தின் வடக்கு மதிலாகக் கட்டினோம். அடிக்கல்லை வைத்தவன் நான்.

இரண்டாண்டில் நான் கப்பலேறிவிட்டேன். உன் தந்தை ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வராமல் எங்கோ போகிறார் என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். அவர் போனது கருநீரோடைக்கு. மற்ற நாளெல்லாம் நடந்து பார்த்தது போதாமல், அன்றும் தனியே போய்ப் பள்ளத்துக்குக் கல் சுமந்திருக்கிறார். அதை நான் அறிவேன்; அறிந்தும், விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டாய் என்று இங்கிருந்து அவருக்குக் கண்டித்து எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

முப்பத்துமூன்று ஆண்டில் எந்தக் கட்டையும் மக்கும். கரைக்குள் என்ன மீதியிருக்கிறதென்று நான் அறியேன். பிள்ளைகளை ஏற்றாதே. கில்லிஸிடம் இக்கடிதத்தைக் காட்டு.

சித்தப்பா


கில்டோரன்
10 ஜூன் 1986

சித்தப்பா,

நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் மே பதினாறாம் தேதியே கைக்கு வந்தது. அன்று மாலைதான் காத்திருப்பு அறையின் வாசலில் பித்தளைப் பலகையைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், நேரா இருக்கான்னு சொல்லுங்க" என்று கில்லிஸ் ஏணியிலிருந்து கூப்பிட்டார். கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நேராக இருக்கிறது என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரத்தைக் கடத்தினேன். ஆலயத்துக்கு வராததற்காகச் சபையார் என் அப்பாவை ஏசியதையெல்லாம் சிறுவயதுமுதல் கேட்டவள் நான். ஊர் முதன்முதலாக அவர் பெயரைச் சுவரில் எழுதியிருக்கிறது.

சனிக்கிழமை காலையில், பெட்டிகளில் இடம் போதவில்லை என்று சொல்லிப் பிள்ளைகளை நடைமேடையிலேயே நிறுத்திவிட்டேன். சின்னவள் ஒருத்தி அழுதாள். ஓட்டுநரிடம், கருநீரோடையில் காட்சி அழகாக இருக்கும், ஊர்ந்து போங்கள் என்றேன். ஓடைப்பக்கத்துச் சன்னலில் நான் உட்கார்ந்தேன். போதகர் ஜெபித்தார். வண்டி அந்த இடத்துக்கு வந்தபோது என் காலடியில் ஏதோ மெல்ல மூச்சுவிட்டதுபோல் இருந்தது. பிறகு கடந்துவிட்டோம். "பார்த்தீங்களா டீச்சர்? ஒரு முடி அளவு அசையல!" என்று கில்லிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனிச் சனிதோறும் வண்டி. இருபத்தெட்டாம் தேதி முதல் ஞாயிறு தவிர தினமும். ஏமாந்த பிள்ளைகள் தொண்ணூற்று நால்வரையும் அன்றைக்கே அழைத்துப் போவதாகக் கழகம் அறிவித்துவிட்டது. இப்போது சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.  நேற்றுப் பள்ளம் மறுபடியும் விழுந்தது. டார்க்விலும் நானுமாக ஏழு வண்டி ஜல்லி போட்டோம். கழகத்தின் பதிவுப் புத்தகத்தில் அதை எழுதவில்லை.

எனக்காக மன்றாடுங்கள்.
டொலினா


டனீடின்
20 ஜூன் 1986

மகளே,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இரண்டாம் முறை வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே உங்களுக்கு விடிந்து அலுவலகம் திறக்கும் நேரம். ரயில் பாதுகாப்பு ஆய்வாளரின் அலுவலகத்தில் ஒரு பெண் பேசினாள்.

"என்ன விஷயம் ஐயா? எங்கிருந்து?"

சொன்னேன்.

"அந்தப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டவர் பேரு?"

மர்டோ மக்ரே என்றேன். அவர் பெயரை என் வாயால் முதலில் சொன்னேன், டொலினா. என் பெயரை அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். பொய்யை எழுதிய கை என்னுடையது என்பதையும் சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

நீ அறிந்திருந்தாய் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் உன் பொறுப்பு.  இனி அந்த வண்டியில் ஏறாதே.

ஃபார்க்கர்


கில்டோரன்
28 ஜூன் 1986

தங்களிடமிருந்து கடிதம் ஏதும் இன்னும் வரவில்லை. தொலைபேசியில் பேசியது தெரியும். மறுநாளே, சென்ற வாரம் வெள்ளிக்கிழமை, ஆய்வாளர் வந்து பாதையை மூடினார்.

இந்தப் புதன்கிழமை கரையைத் தோண்டித் திறந்தார்கள். கட்டைகள் இல்லை. கையால் அள்ளினால் ஈரமான புகையிலைபோல் வந்தது ஏதோ கொஞ்சம். மற்றபடி வெறும் குகை. டார்க்வில் ஆறடி ஆள். குனியாமல் உள்ளே போனான். மேலே ஒரு சாண் கனத்துக்கு ஜல்லி. அதற்கும் மேலே தண்டவாளம். "டீச்சர், ஒரு குடும்பமே குடியிருக்கலாம்" என்றான். பழக்கத்தில் சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டான். கில்லிஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் போகவேண்டியிருந்த நாள் இன்று.

மே பதினாறிலிருந்து எனக்குத் தெரியும் என்று நானே கில்லிஸிடம் சொன்னேன்.  தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவின் பலகையை யாரும் கழற்றச் சொல்லவில்லை. மாலையில் நானே கழற்றினேன்.

பிறகு பதினான்கு புத்தகங்களையும் ஆய்வாளரோடு உட்கார்ந்து வாசித்தேன். ஞாயிறு தேதியிட்ட வேலைகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. எழுத்து எல்லாம் உங்களுடையது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று 1951, ஏப்ரல்: ஊர்க்கோடிப் பாலத்தின் நடுத்தூண், அடித்தளம் முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது. அந்தப் பாலத்தில் இப்போது வண்டி ஓடவில்லை. ஆனால் ஆலயத்துக்குப் போகும் வழி அதன் அடியில்தான். நாளைக் காலையில் ஊரே அவ்வழியாக நடக்கும். தடுப்புப் போடலாமென்றால், எந்தத் தூணுக்கு, எந்த மதகுக்கு, எந்தச் சுவருக்கு என்று ஆய்வாளர் என்னைக் கேட்கிறார்.

நாற்பத்தொன்றில் எவை செய்தவை, எவை எழுதியவை மட்டும்?

உங்கள் பக்கத்து வீட்டு எண் என்னிடம் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கடிதம் எழுதாதீர்கள். இதைப் பிரித்த உடனே, நின்ற காலோடு போய்ப் பேசுங்கள்.

டொலினா